‘சும்மா தர்ற வீட்டை ஏன் வேண்டாம்ங்கிறாங்க?’ - அனகாபுத்தூர் முதல் சீனிவாசபுரம் வரை மக்கள் கேட்கும் கேள்விகள்

பம்மல் மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஏறினால் கொஞ்ச நேரத்தில் அனகாபுத்தூர் வந்துவிடும். 2025 மே மாதம் அங்கே அடையாற்றங்கரையில் இருந்த நூற்றுக்கணக்கான வீடுகள் போலீஸ் பாதுகாப்போடு இடிக்கப்பட்டன. வீடு இழந்தவர்களுக்குத் தைலாவரம், கீரப்பாக்கம், பெரும்பாக்கம் போன்ற இடங்களில் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கப்பட்டன. அதாவது, நம்ம பழைய குடிசை மாற்று வாரியம். 1970-ல் தொடங்கப்பட்டு, 2021-ல்தான் பெயர் மாறியது.

இடிக்கிற வீடியோ போனில் சுற்றிய நாட்களில், கூடவே ஒரு கேள்வியும் சுற்றியது. ஆத்தங்கரையில ஷீட் போட்ட வீடு. பதிலுக்கு கான்கிரீட் வீடு, உள்ளேயே டாய்லெட். இதை ஏன் எதிர்க்கணும்?

நியாயமான சந்தேகம்தான். மாத வாடகைக்கும் ஹோம் லோனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் யாருக்கும் இது தோன்றும். ஆனால் இப்படிப்பட்ட திட்டம் வந்த ஒவ்வொரு இடத்திலும் மக்கள் என்ன சொன்னார்கள் என்று பார்த்தால், ‘புது வீடே வேண்டாம்’ என்பதை அநேகமாக யாரும் சொல்லவில்லை. எங்கே, எப்போ, எத்தனை பேருக்கு என்பதுதான் அவர்கள் கேட்டது.

இரண்டு வார்த்தை, இரண்டு வாழ்க்கை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். செய்திகளில் மறுகட்டுமானம், மறுகுடியமர்வு என்று இரண்டு வார்த்தைகள் வரும். வேகமாகப் படித்தால் ஒன்று போலவே தெரியும்.

மறுகட்டுமானம் என்றால், வாரியமே பல வருடங்களுக்கு முன்பு கட்டிய பழைய பிளாக்கை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டுவது. குடியிருப்பவர்கள் கொஞ்ச காலம் வெளியே இருந்துவிட்டுத் திரும்பி வருவார்கள். புளியந்தோப்பு கே.பி. பார்க் இந்த வகை.

மறுகுடியமர்வு என்றால், ஆற்றங்கரை, நீர்நிலை, சாலையோரம் என்று ஓரிடத்தில் இருக்கிறவர்களை எடுத்து வேறு ஓரிடத்தில் குடிவைப்பது. திரும்பி வருவது என்ற பேச்சே கிடையாது. அனகாபுத்தூரில் நடந்தது இது.

செய்கிற வாரியம் ஒன்றுதான். அனுபவம் வேறு வேறு. ஆனாலும் மறுகட்டுமானத் திட்டத்துக்குக் கணக்கெடுக்க அதிகாரிகள் வந்தால், ‘எங்களையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிடுவாங்களோ?’ என்ற பயம் வருகிறது. பக்கத்துத் தெருவில் நடந்ததைப் பார்த்துவிட்டவர்களிடம் இரண்டு வார்த்தைக்கும் வித்தியாசம் சொல்லிப் புரியவைப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

ஆபத்து என்பதில் சண்டையே இல்லை

பழைய பிளாக்குகள் ஆபத்தானவை என்பதை அங்கே இருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 27-ம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. 24 வீடுகள் மண்ணோடு மண்ணாகின. விரிசலைக் கவனித்த குடியிருப்புவாசிகள் முன்கூட்டியே வெளியேறியிருந்ததால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. கட்டி 30 வருடம்கூட ஆகாத கட்டடம் அது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தலா ரூ.1 லட்சமும் மாற்று வீடும் தரப்படும் என்று அரசு அறிவித்தது.

மூன்று வருடம் கழித்து, 2024 டிசம்பரில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பழைய குடியிருப்பின் ஜன்னல் மேலே இருந்த சிலாப் பெயர்ந்து விழுந்து, கீழே இருந்த இளைஞர் ஒருவர் இறந்துபோனார். மக்கள் மறியலில் இறங்கினார்கள்.

அப்படியென்றால் ‘காலி பண்ணுங்க, புதுசா கட்டித் தர்றோம்’ என்று அரசு சொல்லும்போது உடனே கிளம்பிவிட வேண்டியதுதானே? இங்கேதான் கணக்கு இடிக்கிறது.

24,000 ரூபாயும் இரண்டு வருடமும்

மறுகட்டுமானத்துக்காக வீட்டைக் காலி செய்யும் குடும்பத்துக்கு வாரியம் ஒரு கருணைத்தொகை தருகிறது. முன்பு ரூ.8,000 ஆக இருந்தது, பிறகு ரூ.24,000 ஆக உயர்த்தப்பட்டது. மூன்று மடங்கு என்பதால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இடித்து, அடித்தளம் போட்டு, பல மாடி எழுப்பி, சாவி கையில் கொடுக்க ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் என்றால் மாதம் 1,000 ரூபாய். ஒன்றரை வருடத்தில் முடித்தாலும் 1,333 ரூபாய்.

சென்னைக்குள் மாதம் 1,333 ரூபாய்க்கு எந்த ஏரியாவில் வீடு கிடைக்கும்? ஒரு ரூம், பொது டாய்லெட் என்றாலும் அதைப் போல சில மடங்கு ஆகும். அட்வான்ஸ் தனி. வேலை லேட்டானால் அந்தக் கூடுதல் மாதங்களின் வாடகையும் குடும்பத்தின் தலையில்தான். பிள்ளைகளின் ஸ்கூல், மீன் விற்கிற இடம், வீட்டு வேலை செய்யும் அபார்ட்மென்ட் எல்லாம் பக்கத்திலேயே இருப்பதால் தூரமாகப் போய் மலிவாகத் தங்கவும் முடியாது.

அடுத்தது தலை எண்ணிக்கை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கிய வீட்டில் இன்றைக்கு மகன் குடும்பம், மகள் குடும்பம் என்று இரண்டு மூன்று அடுப்புகள் எரிகின்றன. ஆனால் வாரியத்தின் கணக்கில் ஒரு ஒதுக்கீட்டு ஆணைக்கு ஒரு வீடுதான். அப்பா பெயரில் ஆணை இருந்து, அவரும் இறந்துபோய், பெயர் மாற்றமும் செய்யாமல் விட்டிருந்தால் சிக்கல் இன்னும் பெரிசு. கையை மாற்றி வாங்கிக் குடியிருப்பவர்கள் கதை தனி. இடிப்பதற்கு முன்பு ஒரே கூரைக்குக் கீழ் இருந்தவர்களில், புதுச் சாவி யார் கைக்குப் போகும்? பல குடியிருப்புகளில் முணுமுணுப்பு முதலில் வீட்டுக்குள்ளேயே ஆரம்பித்துவிடுகிறது. அதிகாரிகளோடு நடக்கும் வாக்குவாதமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கே.பி. பார்க் கற்றுக்கொடுத்தது

இதற்கெல்லாம் மேலே ஒரு பழைய காயமும் உண்டு. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் பழைய பிளாக்குகளை இடித்துவிட்டு 9 மாடிக் குடியிருப்பு எழுப்பப்பட்டது. முதல் கட்டத்தில் மட்டும் 864 வீடுகள். பல வருடம் காத்திருந்தவர்கள் குடியேறிய 2021 ஆகஸ்ட்டில், கையால் சுரண்டினாலே சுவர்ப்பூச்சு மாவு போல உதிரும் வீடியோக்கள் வெளிவந்தன. சட்டமன்றம் வரை போன விவகாரம் அது. பொறியாளர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள், ஐ.ஐ.டி. நிபுணர்கள் கட்டடத்தை ஆய்வு செய்தார்கள், பூச்சு வேலை திரும்பச் செய்யப்பட்டது.

பூச்சு அளவுக்குப் பேசப்படாத இன்னொன்று, பணம். மத்திய அரசின் பி.எம்.ஏ.ஒய். திட்டத்தில் இப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு ரூ.1.5 லட்சம் மானியம் வருகிறது. மாநில அரசு ஒரு பங்கு போடுகிறது. மீதி, பயனாளி பங்குத்தொகை. கே.பி. பார்க்கில் அது ரூ.1.5 லட்சம் என்று சொல்லப்பட்டபோது மக்கள் கொதித்தார்கள். ஏற்கெனவே வாரியத்தின் வீட்டில் இருந்தவர்கள்தானே, இடிக்கச் சொல்லி நாங்களா கேட்டோம் என்பது அவர்கள் தரப்பு. ஆக, ‘சும்மா தர்ற வீடு’ என்பதே எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

மாடி ஏறினால் செலவும் ஏறும். படிக்கட்டு மட்டும் இருந்த நான்கு அடுக்கில் இல்லாத லிஃப்ட், மோட்டார், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் ஒன்பதாவது மாடியில் உண்டு. லிஃப்ட் நின்றுவிட்டால் தண்ணீர்க் குடத்தோடு ஏறவேண்டியது யார் என்று சொல்லத் தேவையில்லை. இதற்காகவே ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்று ஒரு திட்டம் வந்தது. குடியிருப்போர் சங்கம் அமைத்து, மாதக் கட்டணம் வசூலித்து, அரசின் பங்கோடு பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. சங்கம் சுறுசுறுப்பாக இருக்கிற பிளாக்குகளில் பலன் தெரிகிறது. மற்ற இடங்களில் பழைய கதைதான்.

தூரம் ஒரு செலவு

சரி, மறுபடி அனகாபுத்தூருக்கு வருவோம். அரசுத் தரப்பு வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2015 வெள்ளத்தில் அடையாறு என்ன செய்தது என்பது முடிச்சூர், மேற்கு தாம்பரம், அனகாபுத்தூர் பக்கம் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆறு அகலமாக வேண்டும், கரையில் வீடு இருக்கக்கூடாது என்பதில் தவறில்லை.

கரையில் இருந்தவர்கள் இரண்டு கேள்வி கேட்டார்கள். பல பத்தாண்டுகளாக இங்கேயே இருக்கிறோம், கரன்ட் கனெக்‌ஷனும் ரேஷன் கார்டும் கொடுத்தபோது தெரியாத ஆக்கிரமிப்பு இப்போது எப்படித் தெரிந்தது? இதே ஆற்றோரத்தில் நிற்கும் பெரிய கட்டடங்கள் மேல் ஏன் புல்டோசர் ஏறவில்லை? கூடவே ஒரு கோரிக்கை: வீடு கொடுங்க, ஆனா பக்கத்துல கொடுங்க.

பக்கத்தில் என்பது வெறும் பிடிவாதம் இல்லை. பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டை, பல்லாவரம் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் வேலை. தைலாவரம் இருப்பது ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரி பக்கம். கீரப்பாக்கம் வண்டலூரைத் தாண்டி உள்ளே. காலை ஆறு மணிக்கு ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்து, எட்டுக்கு இன்னொரு வீட்டில் சமைத்து, பத்துக்குத் தன் வீடு திரும்பும் ஒரு பெண்ணுக்கு, கீரப்பாக்கத்தில் இருந்து அந்த வேலை இனி இல்லை. வீடு ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்கும் சம்பளத்தில் பஸ் மாறி மாறி வருகிற நேரத்தை எங்கே சேர்ப்பது?

ஓ.எம்.ஆர். பக்கம் இது ஏற்கெனவே நடந்து முடிந்த பாடம். 2000 முதல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளோடு பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளில் இருந்து குடும்பங்கள் அங்கே மாற்றப்பட்டபோது பல பிள்ளைகளின் படிப்பு கல்வியாண்டின் நடுவில் அறுந்தது. கூவம் கரையில் இருந்து போனவர்களுக்கு இடம்பெயர ரூ.5,000, பிறகு ஒரு வருடத்துக்கு மாதம் ரூ.2,500 வாழ்வாதாரத் தொகை என்று ஏற்பாடு இருந்தது. அந்த ஒரு வருடத்துக்குள் புது ஊரில் புது வேலை பிடித்துவிட வேண்டும் என்பது கணக்கு. முகவரியைப் பார்த்தே வேலை தரத் தயங்குகிறார்கள் என்று கண்ணகி நகர் இளைஞர்கள் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார்கள்.

பட்டியலில் யார் இருக்கிறார்கள்?

ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி வருமானம். ஆனாலும் ஒருவருக்கு அதே இடத்தில் புதுக் கட்டடம், இன்னொருவருக்கு 20 கிலோமீட்டர் தள்ளி ஒதுக்கீடு. ஏன்? பெரும்பாலும் விடை ஒரு பழைய பட்டியலில் இருக்கிறது. 1971 குடிசைப் பகுதிகள் சட்டத்தின் கீழ் சென்னையில் 1,202 பகுதிகள் கணக்கெடுக்கப்பட்டு அறிவிக்கப்பட்டன. 1985-ல் இன்னும் 17 சேர்ந்தன. நகரத்தில் அதற்குப் பிறகு உருவான குடியிருப்புகளுக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அவை வெறும் ஆக்கிரமிப்பாகவே நின்றுபோயின. அனகாபுத்தூரும் பம்மலும் அப்போது சென்னை எல்லைக்கு வெளியே இருந்த ஊர்கள். 2021 நவம்பரில்தான் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தன.

தமிழர்கள் நிறைய வாழும் மும்பை தாராவியிலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் ஓடுகிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு. பிறகு வந்தவர்களுக்கும் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே. இங்கே பட்டியல், அங்கே தேதி.

அபார்ட்மென்ட்வாசிகளுக்கு ஒரு தகவல்

இது வாரியக் குடியிருப்புச் சமாசாரம், நமக்கென்ன என்று ஸ்க்ரோல் பண்ணப் போகிறவர்களுக்கும் ஒன்று. பம்மல், குரோம்பேட்டையில் தொண்ணூறுகளில் கட்டிய அபார்ட்மென்ட்டுகளுக்கும் வயதாகிறது. முன்பெல்லாம் இடித்துக் கட்டுவதென்றால் எல்லா உரிமையாளர்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் முரண்டு பிடித்தால் போச்சு. 2022-ல் நிறைவேறி 2024-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் அதை மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் என்று மாற்றியது.

இதில் மைனாரிட்டி ஆகிவிடும் மூன்றில் ஒரு பங்கு ஆட்களின் கவலைகள் என்னவாக இருக்கும்? அதுவரை வாடகை யார் கொடுப்பது, எப்போது முடியும், அதே அளவு வீடு வருமா, பில்டர் பாதியில் விட்டுவிட்டால்? சீனிவாசபுரத்திலும் புளியந்தோப்பிலும் கேட்பதும் கிட்டத்தட்ட இதேதான். வித்தியாசம், விற்பனைப் பத்திரம் வைத்திருப்பவர் இதையெல்லாம் பில்டரோடு ஒப்பந்தமாகவே எழுதிக்கொள்ளலாம். சம்மதம் இல்லாமல் வேலை நகராது என்பதால் பில்டரும் உட்கார்ந்து பேசுவார்.

வாரிய வீட்டில் இருப்பவர் கையில் ஒதுக்கீட்டு ஆணை. ஆற்றங்கரையில் இருந்தவர் கையில் ரேஷன் கார்டு. 2021 அக்டோபரில் மறுகுடியமர்வு, மறுவாழ்வுக்கான கொள்கை வரைவு ஒன்றை மாநில அரசு வெளியிட்டு, மக்களிடம் கருத்தும் கேட்டது. இடமாற்றத்துக்கு முன்பு மக்களோடு பேசுவது எப்படி, பிறகு வாழ்வாதாரத்துக்கு என்ன செய்வது என்பதெல்லாம் அதில் பேசப்பட்டது. களத்தில், கணக்கெடுப்புக்கு வரும் ஊழியரைச் சூழ்ந்துகொண்டு மக்கள் கேட்பது அதைவிடச் சின்னது: இதே இடத்துல, இந்தத் தேதிக்குள்ள, இந்தப் பேருக்கு வீடுன்னு ஒரு பேப்பர்ல எழுதி, சீல் வெச்சுத் தாங்க.