முன்பள்ளி ஆசிரியைகள் ஏன் நிலைப்பதில்லை?

கற்பிட்டிக் கரையோரத்தில் முன்பள்ளி நடத்தும் சகோதரர் ஒருவர், "ஆசிரியைகள் ஒரு வருடத்துக்கு மேல் நிற்கிறார்களில்லை" என்று என்னிடம் குறைபட்டார். அவருடைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். காரணம் அதிலேயே இருந்தது.

இக்கரையில் மீன்பிடிக் காலம் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை. மே மாதமளவில் சோளகக் காற்று எழுந்தால் கடல் கொந்தளிக்கும். பல படகுகள் கரையேறும். பெற்றோரின் கட்டணம் தடைப்படும். ஆசிரியையின் சம்பளம் பாதியாகும். அவர் விலகிவிடுவார். பழகிய முகத்தைக் காணாத பிள்ளை அழும். பெற்றோரும் வேறு பள்ளி தேடுவர்.

2026 ஜனவரி முதல் தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்தும் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குரிய 3 வீதமும் சேர்ந்தால் 34,500 ரூபா. 20 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை எனில், ஒரு பிள்ளைக்கு மாதம் 1,725; வருடத்துக்கு 20,700 ரூபா. வாடகை, மின்கட்டணம் புறம்பு.

இதை எல்லா மாதமும் ஒரேயளவில் கேட்பதுதான் பிழை. ஒக்டோபரில் தொடங்கி, மீன் படும் ஏழு மாதங்களில் 2,200 ரூபாவும் மற்ற ஐந்து மாதங்களில் 1,060 ரூபாவும் அறவிட்டால் அதே 20,700 வரும். ஏழு மாதங்களில் மிஞ்சும் 66,500 ரூபாவைத் தனியாக ஒதுக்கி வைத்தால், சோளகத்திலும் முழுச் சம்பளம் கொடுக்கலாம்.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நமது. கடலைச் சாட்டி அக்கடமையைத் தள்ளிப்போடலாகாது.