காய்கறி தின்றால் வயிறு உப்புவது ஏன்?

"சோற்றைக் குறையுங்கள், காய்கறியும் பழமும் நிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். 50 வயதைத் தாண்டிய அந்த வீட்டுக்காரருக்கு அன்றே ஞானோதயம் பிறந்துவிட்டது. மறுநாள் காலையில் இரண்டு கொய்யாப்பழம். பகலில் ஒரு கிண்ணம் முட்டைக்கோஸ் பொரியல். தட்டு நிறையப் பச்சை வெங்காயமும் காரட்டும் வெள்ளரிக்காயும். மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவில் பெரிய ஆப்பிள் ஒன்று.

மூன்றாம் நாள் வயிறு மத்தளமாகிவிட்டது. கடமுடவென்று ஓசை வேறு. நாலு பேர் நடுவே உட்காரவே கூச்சம்! நான்காம் நாள், "இந்த இலை தழையெல்லாம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. பழையபடி சாதத்தையே போடு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. பல வீடுகளில் நடப்பதுதான். நல்ல உணவின் மீது பழியைப் போட்டு, அதை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் குற்றம் காய்கறியினுடையதா? இல்லை. அவசரத்தினுடையது!

குடலுக்குள் ஒரு சமையலறை

நாம் உண்ணும் சோறு, நெய், மீன் முதலியவற்றின் பெரும்பகுதி, சுமார் 20 அடி நீளமுள்ள சிறுகுடலிலேயே ஜீரணமாகி இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. நார்ச்சத்து அப்படியல்ல. அதை உடைக்கும் ஜீரண நீர் மனித உடலில் கிடையாது. ஆகவே அது கரையாமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிறது.

அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன. நார்ச்சத்து அவற்றுக்கு விருந்து. இட்லி மாவு இரவெல்லாம் புளித்துப் பொங்குகிறதல்லவா? அதுபோலவே குடலுக்குள்ளும் நடக்கிறது. ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் உண்டாகின்றன; சிலருக்கு மீத்தேனும் சேர்ந்துகொள்கிறது. வயிறு உப்புவது இதனால்தான்.

ஆனால் அதே புளிப்பில் நன்மையும் விளைகிறது. அப்போது உண்டாகும் சில அமிலங்கள் பெருங்குடலின் உட்சுவருக்கே ஆகாரமாகின்றன. வாயுவும் ஆரோக்கியமும் ஒரே அடுப்பில் வேகின்றன என்று சொல்லலாம். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கும் ஒரு நாளில் 10 முதல் 20 தடவை வாயு பிரிவது சகஜமே.

உகாண்டா கற்பித்த பாடம்

அயர்லாந்தில் பிறந்த டெனிஸ் பர்கிட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், 1946 முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டாவில் பணியாற்றினார். இங்கிலாந்தில் சர்வசாதாரணமாக இருந்த மலச்சிக்கல், குடல்வால் அழற்சி போன்ற நோய்கள் அங்குள்ள கிராமவாசிகளிடம் அபூர்வமாக இருந்ததைக் கண்டார். வாழைக்காய், கிழங்கு, பயறு என்று அவர்கள் உண்டவற்றில் நார்ச்சத்து மிகுந்திருந்ததே காரணம் என்று கருதினார். 1970-களில் அவர் செய்த பிரசாரத்தினால்தான் நார்ச்சத்தின் பெருமை உலகெங்கும் பரவியது. அவர் சொன்ன எல்லாமே அப்படியே நிரூபணமாகிவிடவில்லை. எனினும் நார்ச்சத்து மிகுதியாக உண்பவர்களுக்கு இருதய நோயும், நீரிழிவும், பெருங்குடல் புற்றுநோயும் குறைவாகவே வருகின்றன என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் பழமும், 25 கிராம் நார்ச்சத்தும் பெரியவர்களுக்கு வேண்டும் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2023-ல் கூறியது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். உகாண்டா கிராமவாசிகள் ஒரே நாளில் அந்த உணவுக்கு மாறியவர்கள் அல்லர். பிள்ளைப் பிராயம் முதல் பழகியவர்கள். 50 ஆண்டுகள் வெள்ளைச் சோற்றில் வளர்ந்த குடலுக்குச் சில வாரங்களாவது அவகாசம் கொடுக்க வேண்டாமா?

செய்ய வேண்டியது என்ன?

முதல் வாரம் வழக்கத்தை விட ஒரு கரண்டி காய் மட்டும் கூட்டினால் போதும். வயிறு பழகியபின் அடுத்த வாரம் இன்னொரு கரண்டி. பழத்தையும் ஒரே வேளையில் குவிக்காமல், காலையில் பாதி, மாலையில் பாதி என்று பிரித்துக்கொள்வது நல்லது.

பச்சைக் காய்க்கு முன்னால் வெந்த காய். புடலங்காய், சுரைக்காய், பீர்க்கங்காய், காரட் ஆகியவற்றைக் கூட்டாகவோ பொரியலாகவோ வேகவைத்துத் தொடங்கலாம். கடலை, பயறு வகைகளை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் குழைய வேகவைத்தால் வாயுத் தொல்லை குறையும். நம் வீடுகளில் சுண்டலுக்குப் பெருங்காயமும், கூட்டுக்குச் சீரகமும் சேர்ப்பது வழிவழியாக வந்த பழக்கம். பெருங்காயம் போட்டுவிட்டோம் என்று அளவை மீறக்கூடாது.

தண்ணீரை மறக்கலாகாது. நார்ச்சத்து நீரை உறிஞ்சிக்கொள்ளும். போதிய தண்ணீர் குடிக்காவிட்டால் மலச்சிக்கல்தான் மிஞ்சும். அவசரமாக விழுங்காமல் மென்று தின்பதும், சாப்பிட்டபின் சற்று நடப்பதும் உதவும்.

வெங்காயம், பூண்டு, முட்டைக்கோஸ், காலிபிளவர், ஆப்பிள், மாம்பழம் ஆகியவை சிலருக்கு அதிக வாயுவை உண்டாக்கும். எது தொல்லை தருகிறது என்று அறிய, ஒரு நோட்டில் குறித்துவரலாம். சந்தேகப்பட்டதை மட்டும் ஓரிரு வாரம் நிறுத்திப் பார்த்து, பிறகு சிறிதளவு சேர்த்துப் பார்க்கலாம். ஒரு கத்தரிக்காய்க்காகத் தோட்டத்தையே அழிக்க வேண்டியதில்லை!

எப்போது டாக்டரிடம் போகவேண்டும்?

மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் இளைத்தல், ஓயாத வாந்தி, காய்ச்சல், தாங்கமுடியாத வலி இவற்றில் எது இருந்தாலும் கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தக்கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர்களும், குடலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் டாக்டரைக் கேட்காமல் காய், பழங்களைக் கூட்டுவது நல்லதல்ல.

மற்றவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. "ஒத்துக்கொள்ளாது" என்று தட்டைத் தள்ளிய வீட்டுக்காரருக்கு, மனைவி மறுநாள் சாதத்தோடு ஒரே ஒரு கரண்டி சுரைக்காய்க் கூட்டை வைத்தால் போதும். அடுத்த வாரம் அது இரண்டு கரண்டியாகும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். வயிற்றின் விஷயத்திலும் அதுதான் உண்மை.