பாக்கி தப்பாக வருவது ஏன்?

வானூர் கடைக்காரர் ஒருவர் திண்டிவனம் மொத்தக் கடையில் ஒரே பில்லில் அரிசி ரூ.6,000, பருப்பு ரூ.3,000, எண்ணெய் ரூ.1,000-க்கு எடுத்ததாக வைத்துக்கொள்வோம். ரூ.4,000, ரூ.3,000 என இரு தவணை கட்டிவிட்டார். பாக்கி ரூ.3,000.

கம்ப்யூட்டரில் சரக்கு அட்டவணையையும் வரவு அட்டவணையையும் பில் நம்பரை வைத்து நேராக இணைத்தால், ஒவ்வொரு சரக்கு வரியும் இரண்டு வரவு வரிகளோடும் சேர்ந்து 6 வரிகளாகிவிடும். சரக்கு ரூ.20,000, வரவு ரூ.21,000 என்று கூட்டல் வரும். நாமே ரூ.1,000 தரவேண்டியதாகக் காட்டும்!

ஒரே தொகை திரும்ப வந்தால் ஒன்றை நீக்குவது தீர்வல்ல. ரூ.2,000 வீதம் இருமுறை கட்டியவரின் ஒரு தவணை மறைந்துபோகும்.

பில்வாரியாகச் சரக்கைத் தனியே, வரவைத் தனியே கூட்டி, பிறகே இணைக்க வேண்டும். வரவே இல்லாத பில்லும் விட்டுப்போகக் கூடாது. புரோகிராம் எழுதுபவரிடம் இதைச் சொல்லுங்கள். மாதந்தோறும் மொத்தத்தைப் பேரேட்டுடன் ஒத்துப் பாருங்கள்.