பாதியில் நிறுத்தப்பட்ட பக்டீரியா

கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் பால்வெட்டு விடியற்காலை வேலை. கத்தி பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். ஆழம் கொஞ்சம் கூடி உள்ளே இருக்கும் வளர்படையில் பட்டால், அந்த இடம் முண்டும் முடிச்சுமாக ஆறும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் பட்டையை விட்டு நிறுத்தத் தெரிந்த கைதான் நல்ல கை.

சிரட்டையில் வடியும் பாலில் இறப்பரோடு சிறிது கொழுப்பும் உண்டு. அதில் பீற்றா சிற்றோஸ்டெரோல் என்ற பொருள் இருக்கிறது. சோயா எண்ணெயிலும் அதுவே. இழுப்புக்குத் தோட்ட டிஸ்பென்சரியில் கொடுக்கும் பிரெட்னிசலோன், கருத்தடை மாத்திரை போன்ற ஸ்டீரொய்ட் மருந்துகள் பலவற்றுக்கு இன்று மூலப்பொருள் இத்தகைய தாவர ஸ்டெரோல்தான். இறப்பர் பாலில் அது சொற்பம். ஆலைகள் சோயா எண்ணெயைச் சுத்திகரிக்கையில் மிஞ்சுவதிலிருந்து எடுக்கின்றன.

சிற்றோஸ்டெரோலில் 29 காபன் அணுக்கள். நான்கு வளையங்களும், 10 காபன் நீள வாலும். மருந்துக்கு வேண்டியது வளையங்கள். வால் போக வேண்டும். இரசாயன முறையில் வாலை அறுப்பது கடினம், வளையமும் சேர்ந்து சிதையும்.

1940களின் கடைசியில் மூட்டுவாதத்துக்கு கோட்டிசோன் கைகண்ட மருந்து என்று தெரிந்தபோது, அதை மாட்டுப் பித்தத்திலிருந்து 30க்கும் மேற்பட்ட படிகளில் செய்தார்கள். பிறகு கைகொடுத்தது ரசல் மார்க்கர் கண்டெடுத்த வழி: மெக்சிக்கோக் காட்டுக் கிழங்கிலுள்ள டயோஸ்ஜெனின் என்ற பொருளிலிருந்து தொடங்குவது. சபரகமுவவில் ஈரமான இடங்களில் வளரும் தெபுச் செடியின் கிழங்கிலும் அதே டயோஸ்ஜெனின் உண்டு. நாம் இலையை மட்டும் மல்லுமாகச் சாப்பிடுகிறோம். 1970களில் மெக்சிக்கோ அரசு கிழங்கு வியாபாரத்தைத் தன் கையில் எடுத்ததும், கம்பனிகளின் பார்வை சோயாப் பக்கம் திரும்பியது.

அதற்குள் வாலறுக்கும் ஆளும் கிடைத்திருந்தது: மண்ணில் வாழும் மைக்கோபக்டீரியா. அதற்கு ஸ்டெரோல் சாப்பாடு. வாலைத் தின்று, வளையங்களையும் உடைத்து, ஒன்றும் மிச்சம் வைக்காது. 1960களில் ஜப்பானில் ஆரிமா குழுவினர் ஒரு நுட்பம் கண்டார்கள். வளையத்தைத் திறக்கும் நொதியத்துக்கு இரும்பு வேண்டும். இரும்பைப் பிடித்துக்கொள்ளும் இரசாயனத்தைக் கலந்தால் வால் மட்டும் போய் வளையம் தங்கும். 1972இல் அமெரிக்காவின் மார்ஷெக்கும் கூட்டாளிகளும் அந்த இரசாயனமே தேவைப்படாத மரபுமாறிய வகைகளை அறிவித்தார்கள். வளையத்தைத் திறக்க முடியாத அவை, 19 காபன் கொண்ட அன்ட்ரொஸ்ரீன்டையோனையும் அதன் நெருங்கிய உறவையும் சேர்த்து வைக்கின்றன. மிச்ச வேலை இரசாயனவியலாளருக்கு.

ஸ்டெரோல் தண்ணீரில் கரையாது. எண்ணெயிலோ நுண்துகளாகவோ கலந்து கொடுத்து, நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்தப் பக்டீரியா அதை நெருங்க அதன் மெழுகுபோன்ற செல்சுவர் உதவுகிறது.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் காசநோய்க் கிருமியும். தான் புகுந்த உடம்பின் கொலஸ்ட்ரோலைத் தின்றே அது உள்ளே நெடுங்காலம் தாக்குப்பிடிக்கிறது என்று 2008இல் காட்டினார்கள். நெருக்கமான லயக் காம்பராக்களில் எளிதாகப் பரவும் நோய் அது. மருந்து செய்யும் பக்டீரியாவைப் படிப்பது இந்த எதிரியையும் படிப்பதாகும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுவே.

இத்தகைய பக்டீரியாவை மண்ணில் தேட ஒரு வழி உண்டு. ஸ்டெரோலை மட்டும் சாப்பாடாக வைத்த தட்டில் மண் கரைசலைத் தடவினால், அதைத் தின்னக்கூடியவையே வளரும். அகப்படுபவை எல்லாம் தீங்கற்றவை அல்ல என்பதால் இது நல்ல ஆய்வுகூடத்தில் செய்யும் வேலை. பெலிஹுல்ஓயாவில் சபரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே படித்து, இறப்பர் மரத்தடி மண்ணை அந்தத் தட்டில் இட்டுப் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.