உங்கள் கைக்கும் கூலி உண்டு

"இந்தச் சட்டைக்கு எவ்வளவு அக்கா?"

"ஐந்நூறு தா பிள்ளை. நீ எங்கட பிள்ளைதானே."

வட்டுக்கோட்டையில் தையல் மெசின் ஓடுகின்ற எந்த வீட்டு வாசலிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. அன்போடு சொல்லப்படுகின்ற விலைதான். ஆனால் அந்த ஐந்நூறு ரூபாய்க்குள் தைத்தவரின் கூலி எவ்வளவு என்று நாம் கேட்பதில்லை. தைத்தவரும் கேட்பதில்லை.

யுத்தம் 2009இல் முடிந்தது. கணவரை இழந்தவர்களும், காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி அலைபவர்களும், தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவர்களும் தையல், பனையோலை வேலை, உணவுப் பண்டம் செய்தல், பிள்ளை பராமரிப்பு, கடை வேலை என்று ஏதோவொரு தொழிலைக் கையில் எடுத்தோம். இன்று தொழில் செய்யும் முறை மாறி வருகின்றது. இந்த மாற்றத்தில் நாம் பின்தங்காதிருக்கச் செய்ய வேண்டிய சில காரியங்களை இங்கே பார்ப்போம்.

முதலில் கணக்கு

அந்தச் சட்டையையே எடுத்துக்கொள்வோம். துணி கொண்டு வருபவருடையது. நூல், தெறி, கொழுக்கி, லைனிங் துணி எல்லாம் 140 ரூபா என்று வையுங்கள். மின்சாரத்துக்கு 30 ரூபா. மெசின் எண்ணெய்க்கும் திருத்த வேலைக்கும் 30 ரூபா. ஆகச் செலவு 200 ரூபா. ஐந்நூறில் மிஞ்சுவது 300. வெட்டித் தைத்து முடிக்க மூன்று மணித்தியாலம் சென்றால், ஒரு மணித்தியாலத்துக்கு உங்கள் கூலி 100 ரூபா.

இது போதுமா? இதை அளந்து பார்க்க ஓர் அளவுகோல் உண்டு. 2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச வேதனம் மாதத்துக்கு 30,000 ரூபா, நாளொன்றுக்கு 1,200 ரூபா என்று விதித்தது. எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 150 ரூபா. அனுபவம் இல்லாமல் முதல் நாள் வேலைக்குப் போகும் ஒருவருக்கும் இதற்குக் குறையக் கொடுக்கக் கூடாது. அப்படியென்றால் இருபது வருடம் தைத்த உங்கள் கைக்கு நூறு ரூபா எப்படி நியாயமாகும்? 200 ரூபா செலவு, 450 ரூபா கூலி. 650க்குக் குறைந்தால் உங்கள் உழைப்பின் ஒரு பகுதியை இனாமாகக் கொடுக்கிறீர்கள் என்பதே பொருள்.

இதே கணக்கு நீத்துப்பெட்டி பின்னுகின்றவருக்கும் பொருந்தும். ஓலை நமது வளவில் கிடைப்பதால் "செலவில்லை" என்கிறோம். குருத்தோலை வெட்டுவிக்கும் காசு, காயவைக்கும் நாட்கள், வார்ந்து சாயம் போடும் நேரம், பின்னும் நேரம் எல்லாமே செலவுதான். ஒடியல் சீவிக் காயவைப்பவரும் பாத்தி போட்ட நாளிலிருந்து எண்ணவேண்டும்.

விலையைக் கூட்டினால் ஆட்கள் வராமல் போவார்களே என்ற பயம் நியாயமானது. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது, அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. நூலும் துணியும் விலை ஏறின. ஆனால் தையற்கூலியைக் கூட்ட மட்டும் பலர் தயங்கினோம். இதற்குத் தனியாகத் தீர்வு இல்லை. ஒரே ஊரில் தைப்பவர்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கூடியிருந்து பொதுவான கூலி ஒன்றைத் தீர்மானிக்கலாம். ஒருவரை விட்டு ஒருவரிடம் விலை குறைத்துக் கேட்கும் வழக்கம் அப்போது குறையும்.

அடுத்தது சான்றிதழ்

எமது ஊருக்குச் சான்றிதழின் அருமை தெரியாததல்ல. 1823இல் அமெரிக்க மிசனரிமார் இங்கே வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கினர். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்களே. அந்தப் படிப்பு ஆண்களுக்கு உத்தியோகக் கதவுகளைத் திறந்தது. எமது பாட்டிமாரின் கைத்தொழிலுக்கோ எவரும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

இன்று அதற்கு வழி இருக்கின்றது. தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ., ஏழு மட்டங்களைக் கொண்டது. பயிற்சி நிலையத்தில் படித்துத்தான் அதைப் பெறவேண்டும் என்றில்லை. அனுபவத்தால் கற்ற தொழிலையும் மதிப்பிட்டுச் சான்றிதழ் தருகிறார்கள். இதை முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். நைற்றா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையில் விசாரிக்கலாம். மதிப்பீட்டாளர் முன் நீங்கள் வேலையைச் செய்து காட்டவேண்டும். ஏற்கெனவே செய்த வேலைகளின் படங்கள், பற்றுச்சீட்டுகள், வாடிக்கையாளரின் கடிதம் போன்றவற்றை ஒரு கோவையில் சேர்த்து வைத்திருப்பது உதவும்.

1995 இடப்பெயர்வில் பாடசாலைச் சான்றிதழ்களைத் தொலைத்த சகோதரிகள் பலர். அவர்கள் மனம் தளரத் தேவையில்லை. இந்த மதிப்பீட்டில் முக்கியமாகப் பார்ப்பது உங்கள் வேலைத்திறனையே. முதியோர் பராமரிப்பு, பிள்ளை பராமரிப்பு, சமையல், தையல் ஆகிய வேலைகளுக்கு இப்போது சான்றிதழ் கேட்கும் இடங்கள் கூடி வருகின்றன.

வீட்டிலிருந்து விற்பவர்கள்

இன்று வெளிநாட்டு உறவினரும் கொழும்புக் கடைக்காரரும் கைத்தொலைபேசியில் படம் பார்த்தே ஓடர் கொடுக்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். அளவு, விலை, தரும் நாள் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். புதியவர்களிடம் பாதிக் காசை முற்பணமாகக் கேட்பது தவறல்ல. வங்கியில் காசு வந்ததை நீங்களே பார்த்து உறுதி செய்யுமுன் பொருளை அனுப்ப வேண்டாம். வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தையும், தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டையும் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

புழுக்கொடியல், பனாட்டு, மிளகாய்த்தூள் போன்றவற்றைப் பொதி செய்பவர்கள் பெயர், சேர்மானம், நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, முகவரி என்பவற்றை லேபலில் போடவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலிலேயே ஆலோசனை கேட்டால் பின்னர் சிக்கல் இல்லை. வியாபாரப் பெயரைப் பதிவதற்குச் சங்கானையிலுள்ள வலிகாமம் மேற்குப் பிரதேச செயலகத்தை நாடலாம்.

சம்பளத்துக்குப் போகிறவர்கள்

கடையோ, ஆடைத் தொழிற்சாலையோ, தனியார் அலுவலகமோ, ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படும். முதலாளி தன் பங்காக 12 வீதம் சேர்க்கவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம் முதலாளியே கட்டவேண்டும். அதை உங்களிடம் கழிக்க முடியாது. சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். காசு கட்டப்படாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். சுயதொழில் செய்பவர்கள் முதுமைக்கால ஓய்வூதியத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சபையின் திட்டத்தில் சேரலாம். அதையும் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

கடன் எடுக்குமுன்

நுண்கடனால் பட்ட துன்பம் எமக்குப் புதிதல்ல. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கமே அறிவிக்க வேண்டியதாயிற்று. எனவே "வட்டி எத்தனை வீதம்?" என்பதோடு நிறுத்தாமல், "கட்டக் கட்டக் குறையும் முதலுக்கா, எடுத்த முழுத்தொகைக்கா வட்டி?" என்றும் கேளுங்கள். 50,000 ரூபாவை முழுத்தொகைக்கு 24 வீத வட்டியில் எடுத்து ஒரு வருடத்தில் மாதாமாதம் கட்டி முடித்தால் வட்டி 12,000 ரூபா. குறையும் முதலுக்குக் கணக்குப் பார்த்தால் அது 40 வீதத்தைத் தாண்டிய வட்டி. தொழிலில் வரும் வருமானம் தவணைக்குப் போதுமா என்பதை உங்கள் கொப்பிதான் சொல்லவேண்டும், கடன் தர வருபவர் அல்ல.

ஆகவே சகோதரிகளே, இன்றிரவே நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுங்கள். இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு. செலவுப் பக்கத்தில் நூலையும் தெறியையும் எழுதியபின், "என் கூலி" என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். அடுத்த முறை "எவ்வளவு அக்கா?" என்று கேட்கும்போது, கூசாமல் சொல்ல உங்களிடம் ஒரு சரியான விலை இருக்கும்.