சில்லின் கதை – 11: அணைந்த பக்கத்துக் கம்பி

சித்தியவானிலிருந்து லூமுட் கடற்கரைப் பக்கம் போகிறவர்களுக்கு மஞ்சோங் அனல்மின் நிலையத்தைத் தெரியாமல் இருக்காது. கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில் நிற்கும் அந்த நிலையத்தில், 2015இல் ஓடத் தொடங்கிய நான்காவது யூனிட்டின் திறன் மட்டும் 1,000 மெகாவாட். அவ்வளவு மின்சாரத்தில் ஒரு துளிதான் நம் கைப்பேசிக்குள் போகிறது. அந்தத் துளியும் வீணாகக்கூடாது என்று சிலர் வாழ்நாளையே செலவழித்திருக்கிறார்கள். சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசன் அவர்களில் ஒருவர். பெர்க்லியில் ஆய்வு மாணவராக இருந்தபோது ஷெங், பிராடர்சன் இருவருடன் சேர்ந்து அவர் 1992இல் எழுதிய கட்டுரையைத்தான், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சில்லு வடிவமைப்புக்குள் வருகிறவர்கள் இன்றும் முதலில் படிக்கிறார்கள்.

டிரான்சிஸ்டர் சிறுத்துக்கொண்டே போனதில், சும்மா இருக்கும்போதும் மின்சாரம் கசிய ஆரம்பித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு மருந்து, சில்லைப் பல பவர் டொமைன்களாகப் பிரித்து, வேலையில்லாத பகுதிக்குப் போகும் மின்சாரத்தையே நிறுத்துவது. கேமராவைத் திறக்காத நேரத்தில் கேமராவுக்கான சுற்றுகளுக்கு மின்சாரம் எதற்கு?

நிறுத்துவது எளிது. சிக்கல் எல்லையில் இருக்கிறது. அணைந்த பகுதியிலிருந்து விழித்திருக்கும் பகுதிக்கு நூற்றுக்கணக்கான கம்பிகள் போகும். மின்சாரம் போனதும் அவற்றில் 0 வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வராது. அந்தக் கம்பியைப் பிடித்து வைக்க ஆளில்லை. 0க்கும் 1க்கும் நடுவே எங்கோ மிதக்கும். அதை வாங்கும் கேட்டில் மேலே ஒரு டிரான்சிஸ்டர், கீழே ஒரு டிரான்சிஸ்டர். ஒன்று திறந்தால் மற்றது மூடியிருக்க வேண்டும். நடுத்தர மின்னழுத்தம் வந்தால் இரண்டும் பாதி திறந்துகொள்ளும். தொட்டியின் வாய்க்குழாயையும் வடிகுழாயையும் சேர்த்துத் திறந்துவிட்டதுபோல, மின்சாரம் நேராகத் தரைக்கு ஓடிவிடும். மிச்சம் பிடிக்க அணைத்தது பக்கத்து வீட்டில் செலவாகிறது. தவறான விடை போய்ச் சேர்வது தனி ஆபத்து.

இதைத் தடுக்க எல்லையில் நிறுத்தப்படுவதுதான் ஐசோலேஷன் செல். பெரிய கருவி ஒன்றுமில்லை. ஒரு ஆண்ட் கேட் போதும், கம்பியை 0இல் பிடித்துவைக்கும். ஆர் கேட் என்றால் 1இல் பிடிக்கும். கடைசியாக வந்த மதிப்பையே காட்ட வேண்டுமென்றால் ஒரு லாட்ச். செல்லுக்கு மின்சாரம் மட்டும், பக்கத்துப் பகுதி அணைந்தாலும் அணையாத இணைப்பிலிருந்து வரவேண்டும். இதில் தவறினால் காவலாளியும் சேர்ந்து தூங்கிவிடுவார்.

எந்தக் கம்பிக்கு 0, எந்தக் கம்பிக்கு 1 என்பதில்தான் மனித மூளை வேலை செய்தாக வேண்டும். பல ரீசெட் கம்பிகளில் 1 என்றால் 'உன் வேலையைப் பார்'. 0 என்றால் 'எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்கு'. அதைப் போய் 0இல் பிடித்துவைத்தால், ஒருவர் தூங்கப்போனதும் விழித்திருப்பவர் நினைவிழப்பார். 'தயார்' என்று சொல்ல வேண்டிய கம்பி 0இலேயே நின்றால், எதிரே இருப்பது முடிவில்லாமல் காத்துக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் 0 என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகும் வழக்கத்தை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஒவ்வொரு கம்பியையும் கேள்வி கேட்டுத்தான் ஆகவேண்டும்.

வரிசையும் முக்கியம். அணைக்கும்போது முதலில் கிளாக் நிற்கும், பிறகு ஐசோலேஷன், கடைசியில்தான் மின்சாரம். எழுப்பும்போது மின்சாரம் வந்து நிலைக்கவேண்டும், ரீசெட் முடியவேண்டும், அதன்பிறகே ஐசோலேஷனை விலக்கலாம். அவசரப்பட்டு விலக்கினால் தூக்கக் கலக்கத்தில் வரும் குப்பை மதிப்புகள் எல்லை தாண்டும்.

இந்தப் பிழைகள் நீண்ட காலம் கண்ணுக்குத் தப்பின. சுற்றை விவரிக்கும் வெரிலாக் மொழியில் மின்சாரம் எப்போதும் இருப்பதாகவே எண்ணம். எது எப்போது அணையும், எல்லையில் என்ன மதிப்பு என்பதைத் தனியே எழுதிவைக்க 2007இல் யுபிஎஃப் என்ற வடிவம் வந்தது. 2009இல் ஐஇஇஇ 1801 என்ற தரமானது. அதன்பின் அணைந்த பகுதியின் மதிப்புகளை எல்லாம் 'எக்ஸ்', அதாவது 'தெரியாது', ஆக்கி, அந்த எக்ஸ் எங்கே கசிகிறது என்று சிமுலேஷனிலேயே தேட முடிகிறது.

இந்த வடிவமைப்பு வேலையில் மலேசியாவுக்கு என்ன பங்கு? இன்டெல் 1972இல் பினாங்கில் ஆலை திறந்தபோது நமக்குக் கிடைத்தது சில்லுகளைக் கோக்கும் வேலை. இப்போது காற்று மாறுகிறது. 2024 மே மாதம் தேசிய செமிகண்டக்டர் வியூகம் அறிவிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் 10 ஆண்டுகளுக்கு 25 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து ஆர்ம் நிறுவனத்தின் சில்லு வடிவமைப்புகளைப் பெற அரசு ஒப்பந்தம் செய்தது. 10,000 பொறியாளர்களைப் பயிற்றுவிப்பதும் அந்தத் திட்டத்தில் உண்டு. மஞ்சோங் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் பத்தாயிரத்தில் இருக்கவேண்டும் என்பது என் ஆசை. படிவம் ஐந்தில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஆண்ட் கேட்டை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். ஐசோலேஷன் செல்லின் பாதியை அது அப்போதே கற்றுவிட்டது.

அடுத்த வாரம்: அணைந்த பிறகும் மறக்காத ரிட்டென்ஷன் ஃபிளிப்-ஃபிளாப்.