புதிய சாளரமா, புதிய டேபா? முடிவு யாருடையது?

ஒருவருடைய இல்லத்திற்கு விருந்தினராகச் செல்கிறோம். கூடத்தில் அமர்ந்து உரையாடிக்கொண்டிருக்கையில், வீட்டுக்காரர் நம்மிடம் ஒரு வார்த்தையும் கேளாமல் நம்மை அழைத்துச் சென்று அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு, வந்த வழியையும் அடைத்துவிட்டால் நம் நிலை என்னவாகும்? கணினியில் இணையப் பக்கங்களைப் படிப்போர் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இத்தகைய உபசாரத்தைத்தான் அனுபவித்து வந்தனர். அது எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நீங்கியது, இன்னும் எஞ்சியிருப்பதை நாமே எப்படிச் சரிசெய்துகொள்வது என்பவற்றை வாசகர்கள், குறிப்பாக இல்லத்தில் கணினியைப் புதிதாகக் கையாளும் பெரியவர்களும் பெண்மணிகளும் அறிந்திருப்பது பயனளிக்கும்.

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளுக்கு பிரவுசர் என்று பெயர். தமிழில் உலாவி என்கிறோம். ஒரு பக்கத்திலுள்ள இணைப்பை அழுத்தினால் மூன்றில் ஒன்று நிகழலாம். பழைய பக்கம் மறைந்து, அதே இடத்தில் புதிய பக்கம் வரலாம். தனியாக ஒரு சாளரம், அதாவது விண்டோ திறந்து, பழைய சாளரத்தின்மேல் போர்வைபோல் விழுந்து அதை மறைக்கலாம். அல்லது, அதே சாளரத்தின் தலைப்பகுதியில் ஒரு சிறு துண்டு முளைத்து, அதனடியில் புதிய பக்கம் விரியலாம். கடைக் கணக்குப் பேரேட்டில் ஒவ்வொரு பகுதியையும் விரைந்து எடுப்பதற்காக ஓரத்தில் நீட்டி ஒட்டியிருக்கும் காகிதத் துண்டுகளை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதுபோன்றதே இதுவும். இதைத்தான் டேப் என்கின்றனர்.

இம்மூன்றில் எது நிகழ வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது? பக்கத்தை எழுதியவரா, படிப்பவரா? வழக்கின் மையம் இதுதான்.

1996-ஆம் ஆண்டு வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2 என்னும் உலாவி, ஒரே பக்கத்தைப் பல சட்டங்களாகப் பிரித்துக் காட்டும் வசதியைக் கொண்டுவந்தது. அழுத்தப்பட்ட இணைப்பு எந்தச் சட்டத்தில் திறக்க வேண்டும் என்று குறிப்பிடுவதற்காக டார்கெட் என்னும் ஒரு சொல்லும் இணைப்புகளில் சேர்க்கப்பட்டது. அச்சொல்லுக்கு பிளாங்க் என்ற மதிப்பை எழுதிவிட்டால் போதும். எந்தச் சட்டத்திலும் இல்லாமல் புதிய சாளரமே திறந்துவிடும். சட்டங்கள் சில ஆண்டுகளில் வழக்கொழிந்தன. ஆனால் பிளாங்க் நிலைத்துவிட்டது. வாசகர் வேறொரு தளத்திற்குப் போய்த் திரும்பாமலே இருந்துவிடுவாரோ என்று அஞ்சிய தள உரிமையாளர்கள், வெளியே செல்லும் இணைப்புகளிலெல்லாம் அதை எழுதி வைத்தனர். அவர் எங்கு போனாலும் நம் பக்கம் பின்னால் திறந்தே இருக்கும் என்பது அவர்களது கணக்கு.

அக்கணக்கு பிழைத்தது என்றே கூற வேண்டும். புதிய சாளரத்திற்கு முன்வரலாறு கிடையாது. ஆகவே அதில் பின்செல்லும் பொத்தான் செயலற்று மங்கிக் கிடக்கும். உலாவியைக் கற்றுக்கொள்ளும் எவரும் முதலில் பழகுவது அந்தப் பொத்தானைத்தான். அது இயங்காதபோது, சாளரம் மாறியதையே உணராத ஒரு முதியவர், கணினி பழுதாகிவிட்டது என்றே எண்ணுவார். மூடினால் எல்லாம் போய்விடுமோ என்று அஞ்சி மேலும் மேலும் திறப்பார். திரையின் அடிப்பட்டையில் பொத்தான்கள் வரிசை கட்டி, ஒவ்வொன்றின் பெயரும் இரண்டு மூன்று எழுத்துகளாகச் சுருங்கிவிடும். கண்பார்வையற்றோரின் துன்பம் இதனினும் பெரிது. திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் துணையால் இணையத்தைப் பயன்படுத்தும் அவர்களுக்கு, தாம் எங்கே நிற்கிறோம் என்பதே விளங்காமற் போய்விடும். அதனாலேயே, 2008-இல் இணையத்தின் தர அமைப்பு வெளியிட்ட அணுகல் நெறிகளுக்கான விளக்கங்களில், புதிய சாளரம் திறக்கப்போவதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்னும் அறிவுரையும் இடம்பெற்றது. இணையப் பக்கங்களின் பயன்பாட்டை ஆராய்ந்துவந்த ஜேக்கப் நீல்சன், அதற்கு முன்னரே, 1999-இல் வெளியிட்ட பக்க வடிவமைப்புத் தவறுகளின் பட்டியலில் புதிய சாளரம் திறப்பதையும் சேர்த்திருந்தார்.

இவ்வழக்கத்தின் அடுத்த கட்டம், அழைக்காமலே வந்து குதிக்கும் விளம்பரச் சாளரம். பாப்-அப் எனப்படும் இதற்கு முதன்முதலில் நிரல் எழுதியவர்களுள் ஒருவர் ஈதன் ஸுக்கர்மன். 1990-களின் பிற்பகுதியில் ட்ரைபாட் என்னும் நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். பயனர்கள் தாமே பக்கங்களை அமைத்துக்கொள்ளும் தளம் அது. தகாத பொருள் கொண்ட ஒரு பக்கத்தில் தன் விளம்பரம் இடம்பெற்றது கண்டு ஒரு விளம்பரதாரர் கலங்கவே, பக்கத்தோடு ஒட்டாமல் தனிச் சாளரத்தில் விளம்பரத்தைக் காட்டும் வழியை அவர் ஏற்படுத்தினார். நோக்கம் நல்லதாகவே இருந்தது. விளைவோ உலகறிந்தது! ஒரு பக்கத்தைத் திறந்தால் நான்கு சாளரங்கள். அவற்றில் ஒன்றை மூடினால் மேலும் இரண்டு. 2014-இல் அவர் தம் செயலுக்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்துக் கட்டுரை எழுதினார். அதற்குள் உலாவிகள் பாப்-அப் தடுப்பைத் தம் இயல்பாகவே ஆக்கிக்கொண்டிருந்தன.

டேப் என்னும் கருத்து அப்போது பிறந்ததன்று. 1994-இலேயே இண்டர்நெட்ஒர்க்ஸ் என்ற உலாவியில் அது இருந்தது. பரவலாக எவரும் கவனிக்கவில்லை. பின்னர் நெட்கேப்டர், ஓப்பரா ஆகியவை ஒரே சாளரத்திற்குள் பல பக்கங்களை வைத்துக்கொள்ளும் வழிகளைக் கொண்டிருந்தன. 2001-இல் மொஸில்லாவிலும், 2003-இல் ஆப்பிளின் சஃபாரியிலும் டேப் வந்தது. அக்காலத்தில் மிகப் பெரும்பாலோர் பயன்படுத்திய மைக்ரோசாஃப்டின் இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மட்டும் 2001-இல் வெளியான ஆறாம் பதிப்போடு ஐந்தாண்டுகள் அசையாது நின்றது. போட்டியில்லாத வணிகர் கடையைப் பெருக்கமாட்டார் என்பது இங்கும் பொருந்தும் போலும்.

2006 அக்டோபர் 18-இல் டேபுடன் கூடிய ஏழாம் பதிப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. ஆறு நாட்கள் கழித்து, அக்டோபர் 24-இல், ஃபயர்ஃபாக்ஸ் 2 வந்தது. இதில்தான் நாம் கருதும் மாற்றம் முழுமை பெற்றது. அதற்கு முன்பே ஃபயர்ஃபாக்ஸில் டேப் இருந்தாலும், புதிய சாளரம் என்று எழுதப்பட்ட இணைப்பு புதிய சாளரத்தையே திறக்கும். மாற்ற விரும்புவோர் அமைப்பைத் தேடிச் சென்று மாற்ற வேண்டும். இரண்டாம் பதிப்பிலோ, எதையும் மாற்றாமலே அத்தகைய இணைப்புகள் டேபில் திறக்கலாயின. பக்கத்தை எழுதியவர், இது தனியே திறக்கட்டும் என்கிறார். தனியாகவே திறக்கிறேன், ஆனால் என் வாசகர் இருக்கும் சாளரத்தை விட்டு வெளியே தள்ளமாட்டேன் என்கிறது உலாவி. எழுதியவரின் சொல் மீறப்படவில்லை. படிப்பவரும் இடம் பெயரவில்லை. பிணக்கைத் தீர்த்த நல்ல சமரசம் என்றே இதைக் கொள்ளலாம்.

ஒன்றை மறுக்காமல் சொல்ல வேண்டும். தனியே திறப்பது எப்போதும் தவறன்று. வளைகுடா நாட்டிலிருக்கும் மகனுக்காக ஒரு வாப்பா இணையத்தில் நீண்ட விண்ணப்பத்தைப் பாதி நிரப்பியிருக்கிறார். இடையில் விதிமுறையைப் படிக்க ஓர் இணைப்பை அழுத்துகிறார். அது அதே இடத்தில் திறந்தால், திரும்பி வரும்போது நிரப்பியவை அழிந்து போயிருக்கவும் கூடும். அங்கே டேப் ஒரு பாதுகாப்பு.

டேபில் வேறு அபாயங்கள் இல்லாமலில்லை. மோஸில்லாவில் பணியாற்றிய ஏஸா ரஸ்கின் 2010-இல் ஒரு தந்திரத்தை விளக்கிக் காட்டினார். நாம் திறந்துவிட்டு மறந்துபோன ஒரு டேப், நாம் பாராத வேளையில் தன் தலைப்பையும் தோற்றத்தையும் மாற்றிக்கொண்டு, அஞ்சல் சேவையின் நுழைவுப் பக்கம் போலக் காத்திருக்கும். பல டேப்களைத் திறந்து வைத்திருப்பவர், முன்பு திறந்ததுதானே என்று நம்பிக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்துவிடுவார். இதுபோன்றே, புதிதாகத் திறந்த பக்கம் தன்னைத் திறந்துவிட்ட பழைய பக்கத்தை வேறோர் இடத்திற்கு மாற்றிவிடவும் முன்பு வழியிருந்தது. இரண்டாவது ஓட்டையை 2019 முதல் 2021-க்குள் சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் ஆகியவை பெரும்பாலும் அடைத்துவிட்டன. முதலாவதற்கு மருந்து நம் கண்தான்: கடவுச்சொல் கேட்கும் எந்தப் பக்கத்திலும் மேலேயுள்ள முகவரியைப் படித்துப் பார்த்த பின்னரே விசைப்பலகையைத் தொட வேண்டும். பழைய உலாவிகளில் பாப்-அப் சாளரம் தன் முகவரிப் பட்டையையே மறைத்துக்கொள்ள முடிந்தது. மோசடிக்காரர்களுக்கு அது பெரும் வசதியாயிருந்தது. அந்நிலை இன்றில்லை.

இனிச் செய்முறை. ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, டேப்கள் என்னும் தலைப்பைத் தேடினால், புதிய சாளரங்களுக்குப் பதிலாக டேப்களில் இணைப்புகளைத் திறக்கவும் என்ற பொருள்பட ஒரு வரி இருக்கும். அதற்கருகிலுள்ள கட்டத்தில் குறி இருக்க வேண்டும். இயல்பில் இருக்கும், வீட்டுப் பிள்ளைகள் எவரேனும் எடுத்திருந்தால் மீண்டும் இட்டுவிடலாம். மேக் கணினியின் சஃபாரியில், அதன் அமைப்புகளில் டேப்ஸ் பகுதியிலேயே இத்தகைய தெரிவு உண்டு. ஒருபோதும் வேண்டாம், தானாக, எப்போதும் என மூன்று நிலைகள். குரோமிலும், 2020 முதல் அதே அடித்தளத்தில் இயங்கும் எட்ஜிலும் இப்படியொரு கட்டத்தைத் தேட வேண்டியதில்லை. பிளாங்க் என்று எழுதப்பட்ட இணைப்புகள் தாமாகவே டேபில் திறக்கும்.

இவ்வளவு செய்தும் சிற்சில சமயம் சிறு சாளரம் ஒன்று எழும். பக்கத்தின் நிரல், இத்தனை அகலம், இத்தனை உயரம் என அளவு சொல்லிச் சாளரத்தைக் கேட்டால், உலாவிகள் பொதுவாக அதை அனுமதிக்கின்றன. பணம் செலுத்துதல், வேறொரு கணக்கின் வழியே உள்நுழைதல் போன்றவற்றில் இது வழக்கம். ஃபயர்ஃபாக்ஸின் மறைவான உள்ளமைப்புப் பட்டியலில் இதற்கும் ஓர் எண் இருக்கிறது. 2 என்பதை 0 ஆக மாற்றினால் அவையும் டேபிலேயே அடங்கும். பழகியவர்கள் செய்யலாம். மற்றவர்கள் அதைத் தொடாமலிருப்பதே நலம்.

உலாவியின் அமைப்பு எதுவாயினும், விரல் நுனியில் இருக்கும் உரிமை வேறு. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இணைப்பைச் சொடுக்கினால், அது டேபில் திறக்கும். மேக்கில் கமாண்ட் விசை. மவுஸின் நடுச்சக்கரத்தால் அழுத்தினாலும் அப்படியே. படித்துக்கொண்டிருக்கும் பக்கம் கண்ணெதிரே நிற்க, புதியது பின்னால் காத்திருக்கும். தவறி மூடிய டேபை கண்ட்ரோல், ஷிஃப்ட், டி ஆகிய மூன்றும் சேர்ந்து மீட்டுத் தரும். கைப்பேசியில் இணைப்பின்மேல் விரலைச் சற்று நேரம் வைத்திருந்தால், டேபில் திறக்கவா என்ற தெரிவு வரும்.

இரு பக்கங்களை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டியவர்களுக்குச் சாளரமே உதவும். அவர்கள் ஷிஃப்ட் விசையோடு இணைப்பைச் சொடுக்கலாம். ஏற்கெனவே திறந்த டேபாயின், அதைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டால் தனிச் சாளரமாகப் பிரிந்து நிற்கும். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப இழுத்து மற்ற டேப்களின் வரிசையில் விட்டால், அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.